பறவைகளின் தோழர் சலீம் அலி

குழந்தைகளே, சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? அத்திப்பட்டு வரும்போது வலதுபக்கம் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் வானத்தைத் தொடுவதுபோல நிற்கும். அதைத் தாண்டிப் பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பேருந்தைப் பிடியுங்கள். ஏரிக்கரையில் போய் நில்லுங்கள். ஜனவரி மாதமாக இருந்தால் தண்ணீரின் நடுவே வெள்ளையும் ரோஜா நிறமும் கலந்து, யாரோ சாக்பீஸால் கோடு இழுத்ததுபோல ஒன்று தெரியும். உற்றுப் பாருங்கள், கோடு நகரும்! அதுதான் பூநாரைக் கூட்டம்.

நீண்ட கால்கள், வளைந்த அலகு. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றுநீரைச் சலித்துச் சாப்பிடும் பறவை இது. அதன் ரோஜா நிறம்கூடச் சாப்பாட்டில் இருந்து வருவதுதான். இவை குஜராத்தில் உள்ள கட்ச் உப்புப் பாலைவனத்தில் இருந்து வருகின்றன என்று கருதுகிறார்கள். அங்கே சேற்றைக் குவித்துக் கூம்பு கூம்பாகக் கூடு கட்டி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். 1945-ஆம் ஆண்டில் அந்த உப்பு வெளிக்குள் சிரமப்பட்டுப் போய், அங்கே ஐந்து லட்சம் பூநாரைகள் இருக்கலாம் என்று கணக்கிட்டார் ஒருவர். அவர்தான் சலீம் அலி. பறவை மனிதர் என்று உங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பொது அறிவுக் கேள்வியில் ஒரு மதிப்பெண் வாங்கித் தரும் பெயராக மட்டும் அவரை வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் வாழ்க்கை அதைவிடப் பெரியது.

1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி பம்பாயில், ஒரு பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார் சலீம். ஒரு வயதில் அப்பா போய்விட்டார். மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமா அமீருதீன் தயாப்ஜியும், குழந்தை இல்லாத அத்தை ஹமீதா பேகமும்தான் அந்தப் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கும் ஒரு சிறு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. ஆம், பின்னாளில் பறவைகளுக்காகவே வாழ்ந்தவர் சின்ன வயதில் குருவி சுட்டுக்கொண்டு திரிந்த பையன்தான்! பத்து வயது வாக்கில் ஒருநாள் அவர் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. வீட்டுச் சிட்டுக்குருவிக்கு அப்படி இருக்காதே! மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லி விட்டுவிடாமல், தெரிந்தவரிடம் அனுப்பிவைத்தார். நல்ல மாமா!

அந்தத் தெரிந்தவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டு. வெள்ளைக்காரத் துரையின் அறைக்குள் செத்த குருவியைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு நுழைவதற்குச் சிறுவனுக்கு எவ்வளவு பயமாக இருந்திருக்கும்! மில்லார்டோ அன்பாகப் பேசினார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அதோடு அனுப்பிவிடவில்லை. அலமாரிகளைத் திறந்து, வரிசை வரிசையாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். ஒரு சிறுவன் கேட்ட கேள்விக்கு ஒரு பெரியவர் நேரம் ஒதுக்கியதால் என்னென்ன நடந்தது என்று இனிப் பாருங்கள்.

பள்ளிப் படிப்பில் சலீம் கெட்டிக்காரர் இல்லை. தலைவலி அடிக்கடி வந்து படிப்பைக் கெடுத்தது. பிறகு பர்மாவுக்குப் போய்க் குடும்பத்தின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்தார். கவனித்தது தொழிலையா, காட்டில் இருந்த பறவைகளையா என்பது வேறு விஷயம்! பம்பாய் திரும்பி வணிகப் படிப்பும் விலங்கியலும் படித்தார். 1918-இல் தெஹ்மினா பேகத்தை மணந்தார். பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் துறையில் வேலை கிடைக்கவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை கிடைத்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி போய், பெர்லின் அருங்காட்சியகத்தில் ஸ்டிரெஸ்மான் என்ற பேரறிஞரிடம் பயின்றார். பறவையின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிடும் முறையையும் அங்கேதான் பார்த்தார். 1930-இல் ஊர் திரும்பினால், பணம் இல்லை என்று அவர் பார்த்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

வேலை போனவர் பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் போய்க் குடியேறினார். அங்கே மரங்களில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் அவற்றைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். கூடு கட்டுவது ஆண் குருவி. பாதி கட்டியதும் பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்தால் இருந்துகொள்ளும். அதன்பின் ஆண் குருவி அந்தக் கூட்டை முடித்துவிட்டு, அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி இன்னொரு பெண் குருவியை எதிர்பார்க்கும். இதை முறையாகப் பார்த்து எழுதிய கட்டுரை அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. வேலை போனது நல்லதாகப் போயிற்று என்று நான் நினைப்பதுண்டு. ஆனால் சம்பளம் இல்லாத வீட்டை நடத்திய தெஹ்மினா அம்மையாருக்கு அது எவ்வளவு சிரமம் என்பதையும் மறக்கக்கூடாது.

பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி எனச் சமஸ்தானம் சமஸ்தானமாகப் போய்ப் பறவைகளைக் கணக்கெடுத்தார். பயணச் செலவைத் தந்தால் போதும், உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்பது அவர் ஏற்பாடு. மனைவியும் கூடாரத்தில் உடன் தங்கினார். கேரளத்தில் பெரியாற்றங்கரையில் தட்டேக்காடு என்ற இடத்தின் பறவை வளத்தை 1930-களிலேயே கண்டு வியந்து எழுதினார். அது சரணாலயம் ஆனது 1983-இல். அரை நூற்றாண்டு! இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஓர் இடத்தைக் காப்பது என்பது நாளைக்கே பலன் கேட்கிற வேலை அல்ல.

1939-இல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா இறந்துபோனார். சலீம் அலி நொறுங்கிப் போனார். அக்காவின் குடும்பம் அவரைத் தங்களோடு வைத்துக்கொண்டது. துக்கத்தை வேலையில் மறக்க முயன்றார். 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வண்ணப் படங்களோடு வெளிவந்தது. பின்னர் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து 10 தொகுதிகள் எழுதினார். மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். 1950-இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தன் வண்டியைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் ஐரோப்பாவில் ஓட்டினார்!

இனி வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ராஜஸ்தானில் பரத்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தாழ்வான நிலத்தில் அணைகட்டி நீரைத் தேக்கி உண்டான சதுப்புநிலம் சுமார் 29 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் வட நாடுகளில் இருந்து வாத்துகளும் கொக்குகளும் குவியும். மகாராஜா அதை வாத்து வேட்டைக்கு வைத்திருந்தார். 1938 நவம்பர் 12 அன்று வைசிராய் லின்லித்கோ பிரபு விருந்தாளியாக வந்தார். அந்த ஒரே நாளில் சுடப்பட்டவை 4,273 பறவைகள். தேதியைக் கவனித்தீர்களா? அன்று சலீம் அலிக்கு 42-ஆவது பிறந்தநாள்.

நாடு சுதந்திரம் அடைந்தது. சுற்றியிருந்த கிராம மக்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்கள். ராஜா வேட்டையாடத் தேக்கிய தண்ணீரை இனி எதற்குத் தேக்க வேண்டும்? வடித்துவிட்டால் நிலம் கிடைக்கும், தண்ணீர் பயிருக்குப் போகுமே! உணவுப் பஞ்சம் இருந்த காலம் அது. மறுபக்கம், வடித்துவிட்டால் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் பறவைகளுக்கு இறங்க இடம் இராது. சலீம் அலி பிரதமர் நேருவின் காதுக்கு இதைக் கொண்டுபோனார். நீர்நிலை தப்பித்தது. 1956-இல் அது பறவைகள் சரணாலயம் ஆனது. ஆனால் மகாராஜா சுட்டுக்கொள்ளும் உரிமை 1972 வரை தொடர்ந்தது. ஒரேயடியாக எல்லாம் கிடைத்துவிடாது பாருங்கள்!

1980-களின் தொடக்கத்தில் அது தேசியப் பூங்கா ஆனது. 1982-இல் உள்ளே எருமையும் மாடும் மேயக்கூடாது என்று தடை போட்டார்கள். கால்நடைகள் பறவைகளுக்கு இடைஞ்சல் என்று வல்லுநர்கள் பலரும் நினைத்தார்கள். சலீம் அலியும் அதற்கு விலக்கல்ல. தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு மேய்த்த மக்கள் எதிர்த்தார்கள். மோதல் முற்றி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தினர் சிலர் உயிரிழந்தார்கள்.

அதன்பின் என்ன ஆயிற்று? பறவைகள் பெருகின என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. எருமைகள் தின்றுகொண்டிருந்த ஒருவகைப் புல் தின்ன ஆளில்லாமல் தண்ணீர் முழுவதும் படர்ந்து அடைத்துக்கொண்டது. வாத்துகள் நீந்தவும் இரை தேடவும் திறந்த நீர் இல்லாமல் போயிற்று. இதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? சலீம் அலியின் சொந்தச் சங்கமேதான்! அங்கே சுமார் பத்து ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, எருமைகளும் அந்த நிலத்துக்குத் தேவை என்று அந்தச் சங்கத்தின் விஞ்ஞானிகள் எழுதினார்கள். முடிவு முழுமையாக வெளிவந்தபோது சலீம் அலி உயிரோடு இல்லை. தங்கள் பெரியவர் நினைத்ததற்கு மாறாக இருக்கிறதே என்று அவர்கள் மறைக்கவில்லை. அவருக்கு இதைவிட நல்ல மாணவர்கள் கிடைத்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

பின்னாளில் கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துக்கொண்டு போக அனுமதி கிடைத்தது. பரத்பூரில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் பறவைகளைப் பெயர் சொல்லிக் காட்டும் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றார்கள். ஆனால் தொல்லை தீர்ந்துவிடவில்லை. 2004 வாக்கில் மேலே உள்ள பாஞ்சனா அணையில் இருந்து தண்ணீர் கிடைக்காமல் பூங்கா வறண்டது. விவசாயிகளுக்கும் தண்ணீர் வேண்டும், பறவைக்கும் வேண்டும். அங்கே குளிர்காலத்தைக் கழித்த சைபீரியக் கொக்குகள் 2002-க்குப் பிறகு வரவே இல்லை.

நம் ஊர்ப்பக்கம் இந்தக் கதைக்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று உழவர்களுக்குத் தெரியும். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர் மக்களே முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். சலீம் அலி பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்பே!

சரி, பழவேற்காட்டுக்கு வருவோம். இது இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அந்தப் பகுதி 1976-இலும், நம் திருவள்ளூர் மாவட்டப் பகுதி 1980-இலும் சரணாலயம் ஆயின. இதைச் சலீம் அலி ஏற்படுத்தினார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பரத்பூரில் அவர் எதிர்கொண்ட கேள்வி இங்கேயும் இருக்கிறது. ஏரி சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான். பூநாரைக்கு அதுதான் வசதி. மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீர் கொண்டுவரும். முகத்துவாரம் வழியாகக் கடல்நீரும் மீன் குஞ்சும் இறாலும் உள்ளே வரும். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் எல்லாமே கெடும். ஒருபக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகள், தெற்கே துறைமுகங்கள், அனல் மின்நிலையம். அவையும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. உங்கள் அப்பாவோ அம்மாவோ அங்கே வேலை பார்க்கலாம். சரணாலய எல்லைக்குள்ளேயும் சுற்றிலும் குப்பங்களும் கிராமங்களும் இருக்கின்றன. எந்த வேலையை எவ்வளவு தூரத்தில் அனுமதிப்பது, எந்த நிலத்தில் யாருக்கு உரிமை என்ற கேள்விகள் 1980-இல் எழுந்தவை. நாற்பது ஆண்டுகள் கடந்தும் முழுதாகத் தீரவில்லை.

நான் அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன். ஒருமுறை வகுப்பில், மீன்பிடிப்பதை நிறுத்தினால்தான் பறவை பிழைக்கும் என்று பெரிய அறிவாளிபோலப் பாடம் நடத்தினேன். கடைசி பெஞ்சில் ஒரு குப்பத்துப் பையன் எழுந்து நின்றான். அவன்தான் எனக்குப் பாடு என்றால் என்ன என்று விளக்கினான். ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் சிலவே. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் சண்டை வரும், இறாலும் மிஞ்சாது. அதனால் முறை வைத்துக்கொள்வார்கள். யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். முறை வராத நாளில் அந்த இடத்துக்குப் போகக்கூடாது. அவன் தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தானாம். பாட்டில் பங்கு இல்லாதவர்களுக்கு இதில் மனக்குறை உண்டு என்பதையும் அவனே சொன்னான். அன்று வகுப்பில் பாடம் கேட்டது நான்தான். நான் நடத்திய பாடத்தை மறுநாள் திருத்தி நடத்தினேன்.

சலீம் அலியின் கடைசிக் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக்கூடாது என்று குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் காடு 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பத்ம பூஷண், பத்ம விபூஷண் விருதுகள் பெற்றார். கெட்டி பரிசு என்ற உலகப் பரிசாகப் பெரும் தொகை கிடைத்தது. அதை இயற்கைப் பாதுகாப்புக்கான நிதியாக்கிவிட்டார். 1985-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு தன் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதன் தலைப்பில் ஒரு குருவியின் வீழ்ச்சி இருக்கிறது. எந்தக் குருவி என்று உங்களுக்கே தெரியும்! 1987 ஜூன் மாதம், 90 வயதில் காலமானார். கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவையியல் ஆய்வு மையம் 1990-இல் தொடங்கப்பட்டது.

ஜெர்மனியில் பார்த்த வளையத்தை அவர் மறக்கவில்லை. அவருடைய சங்கம் நம் நாகை மாவட்டத்துக் கோடியக்கரையில் பல ஆண்டுகள் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டது. வளையத்தில் எண்ணும் சங்கத்தின் பெயரும் இருக்கும். வேறு நாட்டில் யாராவது அதைப் பார்த்து எழுதினால், அந்தப் பறவை எவ்வளவு தூரம் போயிற்று என்று தெரிந்துவிடும். வழியில் ஓர் ஏரி வற்றிப்போனால் எந்தெந்த நாட்டுப் பறவைக்கு நட்டம் என்பதும் தெரிந்துவிடும்.

இந்த ஜனவரியில் பழவேற்காடு போனால் தொலைநோக்கி இருப்பவரிடம் கேட்டு வாங்கிப் பறவைகளின் கால்களைப் பாருங்கள். படகில் நெருங்கிப் போய் விரட்டாதீர்கள். கரையிலிருந்தே பார்க்கலாம். காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால், நாள், இடம், நிறம், எண் ஆகியவற்றைக் குறித்து மும்பையில் உள்ள சங்கத்துக்கு எழுதுங்கள். பாடு பற்றிச் சொன்ன அந்தப் பையன் இப்போது படகு ஓட்டுகிறான், அவனுக்கே பள்ளி போகும் பெண் இருக்கிறாள். அவனும் நானும் இத்தனை ஆண்டுகளாகத் தேடுகிறோம். எங்கள் கண்ணில் ஒரு வளையம்கூட இன்னும் படவில்லை.